பதினைந்து கேள்வி, எட்டுத் தவறு: ஓர் ஆங்கில வாசிப்பு விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தல்

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்குத் தயாராகிறவர், காம்ப்ரிஹென்ஷன் பகுதியில் மதிப்பெண் குறைந்தால் முதலில் குறை சொல்வது தன் சொல்வளத்தைத்தான். "வொக்காபுலரி போதலை" என்று அவரும் நினைப்பார், பக்கத்தில் இருப்பவர்களும் அதையே சொல்வார்கள். உடனே ஆயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று மனப்பாடத்துக்கு வரும். சில மாதம் கழித்துப் பட்டியலில் பாதி மறந்திருக்கும். மதிப்பெண் இருந்த இடத்திலேயே இருக்கும். விடைத்தாளை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். தவறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் தெரியாத சொல் அல்ல. நன்றாகத் தெரிந்த சின்னச் சொற்களை அலட்சியமாகக் கடப்பதும், வாக்கியம் முடியும் முன்பே முடிந்துவிட்டதாக நினைப்பதும், பத்தியில் இல்லாததை மனம் தானாகச் சேர்த்துக்கொள்வதும்தான் காரணம்.

இங்கே ஆய்வுக்கு எடுத்திருப்பது ஒரு மாதிரி விடைத்தாள். மூன்று பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள், 25 நிமிடம். முதல் பத்தி ஒரு நூலக அறிவிப்பு, சுமார் 120 சொற்கள். இரண்டாவது தூக்கணாங்குருவி பற்றியது, 320 சொற்கள். மூன்றாவது 260 சொற்களில் ஒரு மழைச் செய்தி. பத்திகள் பயிற்சிக்கென்றே எழுதப்பட்டவை. தவறுகள் தமிழ்வழி வாசகர்களிடம் வாடிக்கையாகக் காணப்படுபவை. அவற்றை ஒரே தாளில் சேர்த்திருக்கிறோம். ஆகவே "எட்டு" என்ற எண்ணிக்கையைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு தவறும் எந்த வரியில், எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கவே இந்தத் தாள்.

அன்றாடம், இயற்கை, ஊடகம் என்ற இந்த மூன்று வகையும் தேர்வுகளில் உண்மையாகவே வருகின்றன. கேம்பிரிட்ஜின் இடைநிலை ஆங்கிலத் தேர்வான பி1 பிரிலிமினரியில் வாசிப்புத் தாளுக்கு 45 நிமிடம், 32 கேள்விகள், ஆறு பகுதிகள். அதன் முதல் பகுதியே அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி, சீட்டு போன்ற ஐந்து சின்னத் துண்டுகள்தான். வெளிநாட்டில் படிக்கவும் வேலை செய்யவும் பலர் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் ஜெனரல் ட்ரெய்னிங் வாசிப்புத் தாளும் விளம்பரம், கால அட்டவணை, அறிவிப்பு என்று தொடங்கி, கடைசியில் ஒரு நீண்ட பொதுக்கட்டுரையில் முடியும். அதே தேர்வின் அகாடமிக் தாளில் மூன்று நீண்ட பத்திகள். புத்தகம், சஞ்சிகை, செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து எடுத்தவை. மூன்று வகையையும் ஒரே மாதிரி வாசிக்க முடியாது. ஒவ்வொன்றும் வேறு இடத்தில் காலை வாரும்.

அறிவிப்புப் பலகை

நூலக அறிவிப்பில் இரண்டு தவறு. இரண்டாம் கேள்வி: நீங்கள் எடுத்த புத்தகத்தை வேறொரு உறுப்பினர் முன்பதிவு செய்திருக்கிறார், என்ன செய்யலாம்? விடைத்தாளில் "ஒரு முறை நீட்டித்துக்கொள்ளலாம்" என்று இருக்கிறது. சரியான விடை, கெடு நாளில் திருப்பித் தர வேண்டும் என்பது. பத்தியின் வரி இது: "புக்ஸ் மே பி ரினியூட் ஒன்ஸ், அன்லெஸ் தே ஹேவ் பீன் ரிசர்வ்ட் பை அனதர் மெம்பர்."

"அன்லெஸ்" தெரியுமா என்று கேட்டால் "தெரியும், இல்லாவிட்டால்" என்பார். பிறகு ஏன் தவறு? தமிழில் நிபந்தனை முன்னால் வரும், முடிவு பின்னால் வரும். "வேறு யாரும் முன்பதிவு செய்யாதிருந்தால் ஒரு முறை நீட்டிக்கலாம்." நீட்டிக்கலாம் என்ற வினைமுற்று வந்தால் பேச்சு முடிந்தது. இப்படிப் பழகிய காது, ஆங்கில வரியில் "மே பி ரினியூட் ஒன்ஸ்" வந்ததும் வாக்கியம் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. அனுமதி முதலில் வந்துவிட்டது. விலக்கு பின்னால் வால் போல வருகிறது. வாலைக் கண் பார்க்கிறது, மனம் பார்ப்பதில்லை. அறிவிப்புகளில் கேள்வி கேட்பவர் தேடுவது எப்போதும் அந்த வாலைத்தான்.

நான்காம் கேள்வியின் வரி: "புக்ஸ் நீட் நாட் பி ரிட்டர்ன்ட் டு த பிராஞ்ச் தே வேர் பாரோட் ஃப்ரம்." எடுத்த கிளையிலேயே திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை, எந்தக் கிளையிலும் தரலாம் என்பது பொருள். விடைத்தாளோ "எடுத்த கிளையில் திருப்பித் தரக் கூடாது" என்கிறது. "நீட் நாட்", "மஸ்ட் நாட்" இரண்டிலும் "நாட்" இருப்பதால் இரண்டும் தடை என்று படிக்கப்படுகிறது. ஒன்று தேவையில்லை, மற்றது கூடாது. "டோன்ட் ஹேவ் டு" என்பதும் தேவையில்லை வகைதான்.

இதற்கான பயிற்சி எளிது, ஆனால் கையால் செய்ய வேண்டும். அறிவிப்பை எடுத்ததும் பொருள் தேடாமல் சில சொற்களுக்கு மட்டும் பென்சிலால் கட்டம் போட வேண்டும்: அன்லெஸ், அன்டில், எக்ஸெப்ட், ஒன்லி, அட் லீஸ்ட், அப் டு, நோ லேட்டர் தன், மே, மஸ்ட், நீட் நாட். கட்டம் போட்ட ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாருக்கு, எப்போது, எது விலக்கு என்று ஓரிரு தமிழ்ச் சொல் எழுத வேண்டும். "பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமைக்குள். "அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும். விண்ணப்பம் "பை ஃப்ரைடே" என்றால் புதன்கிழமையே கொடுத்துவிடலாம். கண்காட்சி "அன்டில் ஃப்ரைடே" என்றால் புதன்கிழமையும் திறந்திருக்கும், வெள்ளியும் திறந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே ஒரு கேள்வி கேட்டுவிடலாம்.

இதற்கான பாடத்துணுக்குகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே கிடைக்கும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஷெட்யூல் எச் மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்து என்றால் இந்த எச்சரிக்கை இருக்கும்: "நாட் டு பி சோல்ட் பை ரீடெய்ல் விதவுட் த பிரிஸ்கிரிப்ஷன் ஆஃப் எ ரெஜிஸ்டர்டு மெடிக்கல் பிராக்டிஷனர்." எழுவாயே இல்லாத வாக்கியம், "நாட்", "விதவுட்" என்ற இரண்டு மறுப்பும் சேர்ந்து, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்ற பொருளைத் தருகின்றன. இதற்கு மூன்று கேள்வி எழுதிப் பார்க்கலாம்: விற்பவர் யார், எதைப் பார்த்து விற்க வேண்டும், சீட்டு இல்லாமல் கேட்டால் என்ன. பிஸ்கட் பாக்கெட்டில் "பெஸ்ட் பிஃபோர்" என்று ஒரு நாள் இருக்கும், வேறு சில பொருட்களில் "எக்ஸ்பைரி டேட்" என்று இருக்கும். முதலாவது தரத்துக்கான கெடு, இரண்டாவது அதற்குமேல் உண்ணக் கூடாது என்ற கெடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்ல பாடம்.

தூக்கணாங்குருவிக் கூடு

இயற்கைப் பத்திகள் வேறு வகையில் ஏமாற்றும். மொழி கடினமாக இருப்பதால் அல்ல, விஷயம் நமக்கு முன்பே தெரிந்திருப்பதால். தூக்கணாங்குருவியைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. பனையோலை நுனியிலும், கிணற்றுக்கு மேல் சாய்ந்த கருவேலங் கிளையிலும் தொங்கும் கூடுகள். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொன்ன கதை. கூட்டுக்குள் களிமண் உருண்டையில் மின்மினியை ஒட்டி விளக்கு வைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் ஒருவர் அந்த ஆங்கிலப் பத்திக்குள் நுழைகிறார்.

பத்தி சொல்வது இதுதான். கூடு கட்டுவது ஆண் குருவி. புல், நெற்பயிர், பனையோலை ஆகியவற்றிலிருந்து நீளநீளமாகக் கிழித்த இழைகளால் பின்னுகிறது. கூடு தலைகவசம் போன்ற பாதி நிலையில் இருக்கும்போது பெண் குருவி வந்து பார்க்கிறது. பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்கிறது; அதன் பிறகு ஆண் குருவி நீண்ட நுழைவுக் குழாயைச் சேர்த்து முடிக்கிறது. பாதிக் கூட்டின் உட்சுவரில் ஈர மண்ணை அப்பி வைக்கிறது. ஒரு கூடு முடிந்ததும் வேறொரு பெண்ணை ஈர்க்க அடுத்த கூட்டைத் தொடங்கிவிடவும் கூடும்.

ஏழாம் கேள்வி, ட்ரூ (சரி), ஃபால்ஸ் (தவறு), நாட் கிவன் (பத்தியில் சொல்லப்படவில்லை) வகை. கூற்று: இந்தப் பறவை தன் கூட்டுக்கு வெளிச்சம் தர மின்மினிகளைப் பயன்படுத்துகிறது. விடைத்தாளில் "ட்ரூ". பத்தியில் மண் இருக்கிறது, உட்சுவர் இருக்கிறது. மின்மினி என்ற சொல்லே இல்லை. சரியான விடை "நாட் கிவன்". நம்பிக்கையோடு வாசித்தவர் "ட்ரூ" போடுகிறார். "அதெல்லாம் கட்டுக்கதை" என்று அறிந்தவர் "ஃபால்ஸ்" போடுகிறார். இருவருக்குமே மதிப்பெண் போகிறது, ஏனென்றால் இருவருமே பத்தியைப் பார்த்து விடை எழுதவில்லை. "ஃபால்ஸ்" போட வேண்டுமானால் கூற்றை மறுக்கும் வரி ஒன்று பத்தியில் இருக்க வேண்டும். அந்த வரியின் எண்ணைக் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது "நாட் கிவன்". இந்த வகைக் கேள்வியில் பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் வரி எண் எழுதச் சொல்வது இதற்காகத்தான். "நாட் கிவன்" என்றால் மட்டுமே வரி எண் இல்லாமல் விடலாம்.

எட்டாம் கேள்வி: ஆண் குருவி நுழைவுக் குழாயை எப்போது கட்டுகிறது? இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. "எ ஃபீமேல் மே இன்ஸ்பெக்ட் செவரல் ஹாஃப்-பில்ட் நெஸ்ட்ஸ் பிஃபோர் ஆக்செப்டிங் ஒன். ஒன்ஸ் ஷி ஹேஸ், ஹி ஆட்ஸ் த லாங் என்ட்ரன்ஸ் டியூப்." இந்த இரண்டாவது வாக்கியத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவருக்குத் தெரியாத சொல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆனால் பத்தி முழுவதிலும் இதுவே கடினமான வாக்கியம். "ஷி ஹேஸ்" என்றால் அவளிடம் இருக்கிறது என்றுதான் பள்ளியில் படித்தது. எது இருக்கிறது? கூடு. ஆகவே "பெண் குருவிக்கு ஒரு கூடு கிடைத்த ஒரு தடவை" என்று ஏதோ ஒரு பொருள் உருவாகி, விடை "ஒரே ஒரு முறை" என்று போய்விட்டது.

இங்கே "ஹேஸ்" பின்னால் "ஆக்செப்டட் ஒன்" மறைந்து நிற்கிறது. முந்தின வாக்கியத்தில் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் ஆங்கிலம் துணைவினையோடு நிறுத்திவிடும். "டூ", "டிட்", "ஹேஸ்", "கேன்" ஆகியவற்றில் ஒன்றோடு வாக்கியத் துண்டு முடிந்துவிட்டால், முந்தின வாக்கியத்தின் வினையைக் கொண்டுவந்து அங்கே ஒட்ட வேண்டும் என்பது விதி. "ஒன்ஸ்" வேறு இங்கே இடம் மாறியிருக்கிறது. நூலக அறிவிப்பில் "ரினியூட் ஒன்ஸ்" என்று வினைக்குப் பின்னால் வந்தபோது ஒரு முறை. இங்கே வாக்கியத்தின் தலையில், ஒரு முழுத் துண்டைச் சுமந்து வருகிறது. இதற்கு "உடனே, பிறகு" என்று பொருள். பெண் குருவி ஏற்றுக்கொண்ட பிறகு ஆண் குருவி குழாயைச் சேர்க்கிறது. சொற்பட்டியலில் "ஒன்ஸ்: ஒரு முறை" என்று எழுதி மனப்பாடம் செய்தவருக்கு இந்த இடத்தில் அந்தப் பட்டியலே எதிராக வேலை செய்கிறது.

பத்தாம் கேள்வியின் வரிதான் இந்தத் தாளிலேயே அதிகம் கற்றுத்தருவது: "நெஸ்ட்ஸ் இக்னோர்ட் பை ஃபீமேல்ஸ் ஆர் ஆஃபன் லெஃப்ட் அன்ஃபினிஷ்ட்." விடைத்தாள் தேர்ந்தெடுத்தது: பெண் குருவிகள் கூட்டை முடிக்காமல் விட்டுவிடுகின்றன. வாசகர் "நெஸ்ட்ஸ் இக்னோர்ட்" என்பதை எழுவாய், வினை என்று எடுத்துக்கொண்டார். கூடுகள் புறக்கணித்தன என்றால் பொருள் வராது. எனவே மனம் தானாகத் திருத்தி, பெண் குருவிகளை எழுவாய் ஆக்கிவிட்டது. வாக்கியத்தின் உண்மையான வினை "ஆர் லெஃப்ட்". "இக்னோர்ட் பை ஃபீமேல்ஸ்" என்பது கூடுகளுக்கு அடைமொழி.

தமிழில் இதே கருத்தைச் சொன்னால்: பெண் குருவிகள் ஏறெடுத்தும் பார்க்காத கூடுகள் பெரும்பாலும் பாதியிலேயே விடப்படுகின்றன. "பார்க்காத" என்ற பெயரெச்சம் கூட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. நமக்கு அடை முன்னால் நிற்கும், பெயர் பின்னால் வரும்; எச்சம் என்பது சொல்லின் ஈற்றிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் பெயர் முதலில், அடை பின்னால். அதிலும் "இக்னோர்ட்" என்பது வினைமுற்று போலவே தோற்றமளிக்கிறது. தமிழ் வாசகர் வினைமுற்றைக் கண்டதும் வாக்கியத்தை முடித்துவிடுகிறார். நூலக அறிவிப்பின் "அன்லெஸ்" தவறும் இதுவும் உறவு முறை.

சரிசெய்யும் வழி இது. வாக்கியத்தில் எத்தனை வினை வடிவங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இங்கே இரண்டு: "இக்னோர்ட்", "ஆர் லெஃப்ட்". இவற்றில் "ஆர்", "இஸ்", "வாஸ்", "ஹேஸ்" போன்ற துணை சேர்ந்து காலம் காட்டுவது எது? அதுவே முதன்மை வினை. பெயருக்கும் அந்த வினைக்கும் இடையில் உள்ளதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அடைப்பில் உள்ளதைத் தமிழில் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதே பத்தியில் இன்னொரு வரி உண்டு: "த மட் ஸ்டக் டு த இன்னர் வால் ட்ரைஸ் குவிக்லி." இங்கே துணைவினை இல்லை, ஆனால் "ட்ரைஸ்" என்பதன் கடைசி "ஸ்" அதை நிகழ்கால வினை என்று காட்டிக்கொடுக்கிறது. ஆகவே உட்சுவரில் ஒட்டிய மண், விரைவாகக் காய்கிறது. ஒரு நாளைக்கு இப்படி ஐந்து வாக்கியம் பிரித்தால் போதும். அதற்குமேல் செய்தால் கவனம் தளர்ந்து இயந்திரமாகிவிடும்.

ஒன்பதாம் கேள்விக்கு விடை சரி. ஆனால் பக்கத்தில் எழுதியிருந்த வரி எண் தவறு. கேள்வியில் இருந்த அதே சொல் பத்தியில் எங்கே வந்ததோ அந்த வரியைக் குறித்திருக்கிறார். பள்ளியில் பழகிய முறை இது. கேள்வியின் சொல்லைப் பத்தியில் தேடி, கிடைத்த வரியை அப்படியே எடுத்து எழுதுவது. பொதுத் தேர்வில் இது பலன் தந்திருக்கும். வெளித் தேர்வுகளில் கேள்வி அமைப்பவர்கள் வேண்டுமென்றே சொல்லை மாற்றி எழுதுவார்கள். அதே சொல் கண்ணில் பட்டால் அங்கே பொறி இருக்கிறது என்று சந்தேகப்படுவதே நல்லது. வரி எண் தவறாக இருந்த சரியான விடையை, பயிற்சியில் அரை மதிப்பெண்ணாகவே கணக்கிட வேண்டும்.

மழைச் செய்தி

செய்திப் பத்தியின் தலைப்பு: "டென் டிஸ்ட்ரிக்ட்ஸ் டு கெட் ஹெவி ரெயின், ஃபிஷர்மென் டோல்ட் டு ஸ்டே அஷோர்." பதினோராம் கேள்விக்கான விடையில், மீனவர்கள் யாரிடமோ எதையோ சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்குச் சொல்லப்பட்டது. தலைப்பில் இடம் மிச்சப்படுத்த "ஆர்", "வேர்" போன்ற துணைகளைச் செய்தித்தாள் தூக்கிவிடும். மிஞ்சி நிற்பது "டோல்ட்", "கில்ட்", "ஹெல்ட்" மட்டுமே. "த்ரீ ஹெல்ட்" என்றால் மூவர் கைது. நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்வதும், வரப்போவதை "டு" போட்டுச் சொல்வதும் தலைப்புகளின் வழக்கம்: "டு கெட்" என்றால் பெறவிருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் குருவிப் பத்தியின் "நெஸ்ட்ஸ் இக்னோர்ட்" தவறும் இந்தத் தவறும் ஒன்றே. துணை இல்லாத அந்த வினை வடிவம் இரண்டு இடத்திலும் வினைமுற்றாகத் தவறாகப் படிக்கப்பட்டது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும்.

பதின்மூன்றாம் கேள்வி, "ஹெவி டு வெரி ஹெவி ரெயின் இஸ் லைக்லி அட் ஐசொலேட்டட் பிளேசஸ்" என்ற வரியைப் பற்றியது. விடைத்தாள் "ஒதுக்குப்புறமான இடங்களில்" என்கிறது. அகராதியில் முதலில் கிடைக்கும் பொருள் அதுதான். வானிலை அறிக்கையில் இதன் பொருள் "ஓரிரு இடங்களில்". இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் இது அளவிட்ட சொல்: ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பெய்தால் "ஐசொலேட்டட்", 26 முதல் 50 வரை "ஸ்கேட்டர்ட்", 51 முதல் 75 வரை "ஃபேர்லி வைட்ஸ்ப்ரெட்", அதற்குமேல் "வைட்ஸ்ப்ரெட்". "ஹெவி" என்பதும் அப்படியே. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதைத் தாண்டினால் அதி கனமழை. நம் எட்டுத் தவறுகளில் சொல் தெரியாததால் வந்தது இது ஒன்று. இதுவும் அறவே தெரியாத சொல் அல்ல, இந்தத் துறையில் வேறு பொருள் தரும் சொல்.

இதற்கு மிக நல்ல பயிற்சிக் கருவி தமிழ்நாட்டு வாசகருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அறிக்கைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, படிக்கத் தட்டுப்பாடே இருக்காது. முதலில் ஆங்கில அறிக்கையை வாசித்து, எந்த மாவட்டம், எந்த நாள், எவ்வளவு, எவ்வளவு உறுதி என்று நான்கு குறிப்பு எழுத வேண்டும். பிறகு தமிழ் அறிக்கையைத் திறந்து ஒப்பிட வேண்டும். வரிசையை மாற்றித் தமிழை முதலில் வாசித்தால் பயன் போய்விடும். பொருள் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் ஆங்கிலம் புரிவது போல ஒரு மயக்கம் வரும், அவ்வளவுதான்.

பதினான்காம் கேள்வி: செவ்வாய்க்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை. விடைத்தாளில் "ட்ரூ". வரி: "கலெக்டர்ஸ் ஆர் எக்ஸ்பெக்டட் டு டிசைட் ஆன் ஸ்கூல் ஹாலிடேஸ் ஏர்லி ஆன் டியூஸ்டே." ஆட்சியர்கள் முடிவெடுப்பார்கள் என்று எதிர்பார்க்கப்படுகிறது; முடிவு இன்னும் வரவில்லை. "நாட் கிவன்" என்பதே விடை. கனமழை, ஆட்சியர், பள்ளி என்று மூன்று சொல் சேர்ந்து வந்தால் தமிழ்நாட்டில் வளர்ந்தவர் மனத்தில் விடுமுறை அறிவிப்பு தானாக வந்துவிடும். மின்மினித் தவறின் உடன்பிறப்பு இது. செய்தி வாசிப்பில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு உறுதியோடு, யார் வாயிலாக வருகிறது. "செட்" என்றால் ஒருவர் சொன்னார். "க்ளெய்ம்ட்" என்றால் சொன்னவர் பொறுப்பு, செய்தியாளர் ஏற்கவில்லை. "டினைட்" என்றால் மறுத்தார். "அலெஜ்ட்லி" என்றால் குற்றச்சாட்டு, நிரூபணம் ஆகவில்லை. "லைக்லி", "எக்ஸ்பெக்டட்" என்றால் இன்னும் நடக்கவில்லை. செய்தியின் ஓரத்தில் மூன்று கட்டம் வரைந்து, நடந்தது, ஒருவர் சொன்னது, வரலாம் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதாவது ஒன்றில் போட்டுப் பார்த்தால், நல்ல செய்தியில்கூட "நடந்தது" கட்டம் எவ்வளவு சிறியது என்று தெரியும். தேர்வுக்கு அப்பாலும், வாட்ஸ்அப்பில் வரும் தகவலை எடைபோட இந்தப் பழக்கம் உதவும்.

பத்தியின் அளவு, கடினம், வேகம்

பயிற்சிக்கு எந்தப் பத்தியை எடுப்பது என்பதில்தான் பலர் முதலிலேயே சறுக்குகிறார்கள். ஆங்கிலம் வளர வேண்டும் என்று நாளிதழின் தலையங்கத்தை எடுத்து, வரிக்கு நான்கு சொல்லுக்கு அகராதி பார்த்து, அரை மணி நேரத்தில் ஒரு பத்தி முடித்து, களைத்துப் போவார்கள். 2000-ஆம் ஆண்டில் ஹு, நேஷன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு கதைப் பகுதியைப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் 98 சதவீதம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. 300 சொல் பத்தி என்றால் தெரியாதவை ஆறுக்குள். பயிற்சியில் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். 95 சதவீதம், அதாவது 300-க்கு 15 வரை. அதற்குமேல் போனால் அந்தப் பத்தியை வைத்துவிட்டு எளியதை எடுக்க வேண்டும். அங்கே நடப்பது வாசிப்புப் பயிற்சி அல்ல, அகராதி பார்க்கும் பயிற்சி.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தாளின் மூன்று பத்திகளும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள். 60 நிமிடம், 40 கேள்வி. விடைகளைப் பெயர்த்து எழுதத் தனி நேரம் கிடையாது. நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் 2,500 சொல்லை வாசித்தாலே 25 நிமிடம் போய், கேள்விகளுக்கு 35 நிமிடம்தான் மிஞ்சும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்கள் கதையல்லாத எழுத்தை மௌனமாக வாசிக்கும் சராசரி நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்த உயரம் தேவையில்லை. 130, 140 தொட்டால் மூச்சு விட நேரம் கிடைக்கும். வேகத்தைக் கெடுப்பவை இரண்டு பழக்கங்கள்: உதடசைத்து வாசிப்பது, ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்குவது. முன்பு சொன்ன அடைப்புக்குறிப் பயிற்சிக்கு மட்டும் தமிழாக்கம் வேண்டும். அது பிரித்துப் பார்க்கும் வேலை. ஓட்டமாக வாசிக்கும்போது அதை உள்ளே விடக் கூடாது.

கேள்வியை முதலில் பார்ப்பதா, பத்தியை முதலில் வாசிப்பதா என்ற பழைய விவாதத்துக்கு ஒரே பதில் கிடையாது. அறிவிப்பு என்றால் கேள்வியே முதலில். முழு அறிவிப்பையும் யாரும் வாழ்க்கையில் வாசிப்பதில்லை, வேண்டிய வரியைத்தான் தேடுகிறோம். குருவிப் பத்தி போன்றவற்றில் பத்தியே முதலில். காரணகாரியத் தொடர் துண்டுபட்டால் "ஒன்ஸ் ஷி ஹேஸ்" போன்ற இடங்கள் புரியவே புரியாது. செய்தியில் தலைப்பு, முதல் இரண்டு வாக்கியம், பிறகு கேள்வி, பிறகு மீதி.

இந்த விடைத்தாளுக்கு அடுத்த இரண்டு வாரம்

எட்டுத் தவறையும் வகை பிரித்தால் இப்படி வரும். அனுமதி, விலக்கு, கட்டாயம் காட்டும் சின்னச் சொற்கள்: இரண்டு. முந்தின வாக்கியத்திலிருந்து கொண்டுவர வேண்டியது விடுபட்டது: ஒன்று. எச்சத்தை வினைமுற்றாகப் படித்தது: இரண்டு. பத்தியில் இல்லாத முன்னறிவு: இரண்டு. சொற்பொருள்: ஒன்று. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த ஐந்து வகைக்கும் ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு தவறும் நடந்தபோதே வரியோடு எழுதிவைக்க வேண்டும். "கவனக்குறைவு" என்று ஒரு வகை வைக்கக் கூடாது. வைத்தால் எல்லாத் தவறும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒரு நாள் பயிற்சிக்கு 40 நிமிடம் போதும். முதல் 12 நிமிடம் அகராதி இல்லாமல் ஒரு பத்தியும் ஐந்து கேள்வியும். ஒவ்வொரு விடைக்கும் வரி எண். அடுத்த 3 நிமிடத்தில் விடைகளைச் சரிபார்த்தல். அடுத்த 15 நிமிடம்தான் உண்மையான படிப்பு: தவறான ஒவ்வொன்றுக்கும் வரியைத் திறந்து, எந்தச் சொல்லில் வழி தவறியது என்று கண்டுபிடித்து, நோட்டில் உரிய இடத்தில் எழுதுவது. மிச்சம் 10 நிமிடம் நோட்டில் அதிகம் நிரம்பியுள்ள வகைக்கு. இந்தத் தாளுக்கு முதல் வாரம் எச்சமும் விலக்குச் சொற்களும். தலைப்புகள், மருந்து அட்டைகள், அறிவிப்புகள் போதும். இரண்டாம் வாரம் நன்றாகத் தெரிந்த விஷயம் பற்றிய பத்திகள்: நெல் சாகுபடி, ஜல்லிக்கட்டு, பொங்கல், சொந்த ஊர். எவ்வளவு தெரிந்த விஷயமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் முன்னறிவு அங்கேதான் அதிகம் குறுக்கிடும். அவற்றிலிருந்து ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கூற்றுகளைப் பயில்பவரே எழுத வேண்டும். குறிப்பாக "நாட் கிவன்" கூற்று எழுதுவது, பத்தியின் எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்க வைக்கும்.

இரண்டு வாரம் கழித்து இதே மூன்று பத்திகளை மறுபடி எடுக்கலாம், ஆனால் பழைய கேள்விகளோடு அல்ல, விடை நினைவிருக்கும். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எந்தப் புத்தகத்தை நீட்டிக்க முடியாது? பெண் குருவி வருவதற்கு முன் கூட்டில் எது இருக்காது? செய்தி எழுதப்பட்ட நேரத்தில் விடுமுறை பற்றி யார் என்ன முடிவு எடுத்திருந்தார்கள்? அப்போதும் மிஞ்சும் தவறுகள் சொற்பொருள் கட்டத்தில் மட்டும் குவிந்திருந்தால், அந்தப் பயிலுநர் இனி சொற்பட்டியலை எடுக்கலாம். தனிச் சொற்களாக அல்ல, அவர் தவறவிட்ட வரிகளோடு சேர்த்து.